கட்டுமரத்தின் கட்டு: சோழமண்டலக் கரையில் தென்னைநார்க் கயிறு

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகவும் தாவரவியல் அறிஞராகவும் பணியாற்றிய ராபர்ட் வைட், தென்னிந்தியாவில் கிடைத்த நார்களைக் கயிறாக முறுக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு எடையைத் தாங்கியபின் அறுகிறது என்று சோதித்துப் பார்த்தார். எருக்க நார்க் கயிறு 552 ராத்தல் எடையைத் தாங்கியது. சணப்பு 407, ஆனைக்கற்றாழை 362, பருத்தி 346, மருள் 316, புளிச்சை நார் 290 என்று வரிசை இறங்கிக்கொண்டே வர, தென்னைநார் 224 ராத்தலோடு எல்லாவற்றுக்கும் கீழே நின்றது. இந்தக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படகு கட்ட முனைகிற ஒருவர் தென்னைநாரைத் தொடவே மாட்டார். ஆயினும் வைட் சோதனை நடத்திய அதே மாகாணத்தின் கடற்கரை நெடுகிலும், கட்டுமரத்தின் தடிகளைப் பிணைத்ததும், மசூலாப் படகின் பலகைகளைத் தைத்ததும், பாய்மரத்தை நிலைநிறுத்தியதும் பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்துக் கயிறுதான்.

இதை ஏழ்மையின் விளைவு என்று சொல்லி ஒதுக்குவது எளிது. தென்னை மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தது என்பதும் உண்மையே. ஆனால் எருக்கு அதைவிட மலிவு; அது எவரும் பயிரிடாமலேயே வேலியோரத்தில் வளர்வது. சணப்போ வயல்களில் பயிராகி, கரையோர ஊர்களில் வலை முடையப் பயன்பட்டு, மீனவர் கைக்கு நன்கு பழகியிருந்த நார். ஆகவே வலிய நார்களை அறியாமல் அவர்கள் தென்னைநாரைக் கொண்டார்கள் என்று கொள்ள இடமில்லை. உலர்ந்த கயிற்றில் எடையைத் தொங்கவிட்டுப் பார்க்கும் சோதனை, கயிறு எந்தச் சுமையில் அறும் என்பதைச் சொல்லும். உப்புநீரில் நனைந்து, அலையில் அடிபட்டு, வெயிலில் காய்ந்து, மறுநாள் மீண்டும் கட்டப்படும்போது அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாது. கடற்கரை மக்கள் தேடியது அறாத கயிற்றையன்று. இழுபடும்போது நீண்டுகொடுத்து, தளரும்போது கண்ணுக்குத் தெரிந்து, எளிதில் அவிழ்த்துக் கட்டத்தக்க கயிற்றை.

கயிற்றால் பிணைத்த கலங்கள் இந்தக் கரையில் எவ்வளவு பழமையானவை என்பதற்குக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் பயண நூலான பெரிப்ளுஸ் சான்று தருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நூல், கமரா, பொதுகே, சோபத்மா என்னும் துறைகளைக் குறிப்பிடும்போது, ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்னும் பெரிய கலங்களையும் சொல்கிறது. கமராவைக் காவிரிப்பூம்பட்டினமாகவும், பொதுகேயைப் புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடாகவும் அறிஞர் பலர் கருதுகின்றனர். 1669 முதல் 1679 வரையிலான தம் அனுபவங்களை எழுதிவைத்த ஆங்கில வணிகர் தாமஸ் பௌரி, கட்டுமரத்தையும் மசூலாவையும் விவரித்ததோடு படமும் வரைந்தார். 1697-இல் அச்சான வில்லியம் டாம்பியரின் பயணநூல், சோழமண்டலக் கரையில் ஓரிரு தடிகளில் அமர்ந்து கால் நனைய மீன்பிடிக்கச் செல்பவர்களை வியப்போடு குறிப்பிடுகிறது. ஆனால் இவர்களில் எவருடைய கண்ணும் கயிற்றின்மேல் நின்று நிலைக்கவில்லை. அதற்குச் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் வரவேண்டியிருந்தது. 1920-இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்த அவருடைய இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வு, ஒவ்வொரு கரையிலும் தடிகள் எவ்வாறு அடுக்கப்பட்டுப் பிணைக்கப்பட்டன என்பதைத் தனித்தனியே பதிவு செய்தது.

கட்டுமரம் என்பது மிதவை போலத் தோன்றினாலும் வெறும் மிதவையன்று. நடுத்தடி சற்றுத் தாழ்ந்தும் பக்கத்தடிகள் சற்று உயர்ந்தும் அமைய, முன்பக்கம் குவிந்து மேல்நோக்கி வளைந்த அணியமாக முடிய, முழுக்கலமும் படகின் அடிப்பகுதியை ஒத்த வடிவம் பெறுகிறது. ஆந்திரக் கரையின் கட்டுமரம் வேறு, தமிழகத்தின் சோழமண்டலக் கட்டுமரம் வேறு. நாகப்பட்டினப் பகுதியில் கோலா மீனைத் தேடி ஆழ்கடலுக்குச் சென்ற கோலாமரமோ ஏழு தடிகள் கொண்ட பெரிய கலம். தடிகளுக்கு இலவு, கல்யாண முருங்கை, தணக்கு, மலைவேம்பு போன்ற கனமற்ற மரங்கள் கொள்ளப்பட்டன. இவை நன்றாக மிதப்பவை; அதேசமயம் மென்மையானவை, நீரை உறிஞ்சுபவை. மென்மரத்தில் அறைந்த இரும்பாணி, அலையின் ஆட்டத்தில் தன்னைச் சுற்றியுள்ள மரத்தைத் தின்று துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். உப்புநீரில் துருவும் சேர்ந்துகொள்ளும். கயிறோ விசையை ஒரு புள்ளியில் குவிக்காமல் தடியின் சுற்றளவு முழுவதற்கும் பரப்பிவிடுகிறது. ஆகவே கட்டுமரத்தில் கயிற்றைத் தேர்ந்தெடுத்தது ஆணிக்கு வழியில்லாமற்போனதால் என்று சொல்வதைவிட, மிதக்கும் மரத்தைத் தேர்ந்தெடுத்தபோதே கயிறும் முடிவாகிவிட்டது என்று சொல்வதே பொருந்தும்.

கரையும் அதையே வேண்டியது. சோழமண்டலக் கரைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது; திறந்த மணற்கரையை நோக்கி அலைகள் வரிசை வரிசையாக வந்து உடைகின்றன. அந்த உடைப்பைக் கடக்கும் கலம் ஒவ்வொரு முறையும் முறுக்கப்படுகிறது: அணியம் ஓர் அலையின்மேல் ஏறும்போது பின்பகுதி அடுத்த பள்ளத்தில் கிடக்கும். விறைப்பான உடல் அந்த முறுக்கை முழுவதுமாகத் தாங்கியாக வேண்டும், இல்லையேல் பிளக்க வேண்டும். கட்டுமரத்தின் தடிகளோ ஒன்றன்மேல் ஒன்று சிறிது வழுக்கிக்கொடுத்து, அலை கடந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. அவ்வாறு திருப்பிக் கொண்டுவருவது கயிற்றின் வேலை. தென்னைநார்க் கயிறு அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்குக்கும் மேல் நீளக்கூடியது. சணப்பும் பருத்தியும் இதன் அருகில் வரமாட்டா. வைட்டின் பட்டியலில் அது கடைசி இடம் பெற்றதற்கும், கரையில் முதலிடம் பெற்றதற்கும் ஒரே இயல்புதான் காரணம் என்றுகூடச் சொல்லலாம்: குறைந்த சுமையிலேயே இளகத் தொடங்குகிற நார் அது.

கட்டுமரத்தின் பராமரிப்பில் முதன்மையானது, கரை திரும்பியதும் கட்டை அவிழ்ப்பது. நீரை உறிஞ்சும் மென்மரம் தொடர்ந்து கடலில் கிடந்தால் கனத்து மிதப்பை இழந்துவிடும் என்பதால், தடிகளைத் தனித்தனியே பிரித்து மணலில் உலரவிடுவது தமிழகக் கரையில் வழக்கமாக இருந்தது. பிரித்த தடி தூக்குவதற்கும் எளிது; நால்வர் சேர்ந்து முழுக்கலத்தை இழுப்பதைவிட இருவர் ஒரு தடியைச் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோவது கடினமன்று. இந்த வழக்கத்தின் விளைவு கயிற்றின்மேல் விழுந்தது. கயிறும் தடிகளோடு சேர்ந்து காய்ந்தது. மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டும்போது அதன் ஒவ்வொரு முழமும் கட்டுபவரின் கைவழியே ஓடியது. தேய்ந்த இடம், நைந்த புரி, உள்ளே மணல் புகுந்து நறநறக்கும் பகுதி ஆகிய எல்லாம் விரல்களுக்குத் தெரிந்துவிடும். இன்றைய பொறியியலில் தனிச் செலவும் தனிப் பணியாளரும் வைத்து நடத்தப்படும் ஆய்வு, அங்கே கட்டுகிற செயலுக்குள்ளேயே அடங்கியிருந்தது. நிலையாகக் கட்டிவிட்ட கலத்தில் இது நடவாது.

கட்டு என்பதையும் முடிச்சு என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். முடிச்சில் கயிறு தன்மேலேயே கூர்மையாக வளைவதால், வளைவின் வெளிப்புற நார்கள் மிகுதியாக இழுபட்டு, கயிற்றின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோகூடக் குறைந்துவிடும். கட்டில் கயிறு பலமுறை சுற்றிவருகிறது. சுற்றுகளின் உராய்வே பிணைப்பைத் தாங்க, முடிச்சு என்பது கடைசி முனை நழுவாமல் காக்கும் ஒரு தாழ் மட்டுமே. கட்டுமரத்தில் தடிகளின் இரு முனைகளுக்கருகே குறுக்குக்கட்டையை வைத்து, தடிகளையும் கட்டையையும் சேர்த்து வளைத்துச் சுற்றுவர். பிறகு அந்தச் சுற்றுகளின் இடையே கயிற்றைக் குறுக்காகச் செலுத்தி இழுக்கும்போது முன்னைய சுற்றுகள் அனைத்தும் ஒருசேர இறுகும். இன்றும் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்குச் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுபவர்கள் கையாளும் முறை இதற்கு நெருங்கிய உறவு. அங்கும் கழியும் கயிறும் மட்டுமே ஆள் எடையைத் தாங்குகின்றன. தென்னைநாரின் சொரசொரப்பு இவ்விடத்தில் குறையன்று, பேருதவி. வழவழப்பான கயிறு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நழுவப் பார்க்கும். தென்னைநார் நனைந்தபின் மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

எல்லாத் தென்னைநாரும் இதற்கு ஒக்காது. முற்றிக் காய்ந்த தேங்காயின் மட்டையிலிருந்து எடுக்கும் நார் பழுப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். துடைப்பத்துக்கும் மெத்தைக்கும் ஏற்றது. கயிற்றுக்கு வேண்டியது, ஏறத்தாழ பத்து, பதினொரு மாதம் முதிர்ந்த காயின் பச்சை மட்டையை ஊறவைத்து எடுக்கும் வெளிறிய பொன்னிற நார். குமரிப் பகுதியில் கதம்பை என்றும் யாழ்ப்பாணத்தில் பொச்சு என்றும் வழங்கும் இந்த மட்டையை, கடல்நீர் ஏறியிறங்கும் காயல்களிலோ கரையோரக் குழிகளிலோ ஆறு முதல் பத்து மாதம் வரை அமிழ்த்தி வைப்பர். அந்தக் காலத்தில் நுண்ணுயிர்கள், நாரை நாரோடு ஒட்டவைத்திருக்கும் பசைப்பொருளை மட்டும் சிதைக்கின்றன. நாரின் சுவரிலுள்ள லிக்னின் என்னும் கட்டைப்பொருளை அவை எளிதில் அசைக்க முடிவதில்லை. தென்னைநாரில் இந்த லிக்னின் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதே அது கடல்நீரில் மட்காமல் நிற்பதற்குக் காரணம். ஊறிய மட்டையைத் தடியால் அடித்துச் சோறு எனப்படும் மென்பகுதியை உதிர்த்து, அலசி, நிழலில் உலர்த்திய பிறகே திரிக்கும் வேலை தொடங்கும். சோறு முழுவதும் நீங்காத நாரைக் கயிறாக்கினால், அந்தத் துகள் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளிருந்தே கயிற்றை அழிக்கும். ஊறவைத்த நீர் தேங்கிக் கறுத்ததாக இருந்தால் நாரும் கறுக்கும். நாரின் நிறத்தைப் பார்த்தே அது ஊறிய நீரைச் சொல்லிவிட முடியும் என்பது வெறும் பெருமைப் பேச்சன்று.

நாரை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித் திரிப்பது பழைய முறை. ராட்டு என்னும் சக்கரத்தில் திரிப்பது பின்னர் பரவியது. திரித்த இழைகளைச் சேர்த்துப் புரியாக்கும்போது முறுக்கு எதிர்த்திசையில் செல்லவேண்டும். ஒரு திசையின் முறுக்கு அவிழ முயல்வதை மறுதிசையின் முறுக்குத் தடுத்துப் பிடிப்பதால்தான் கயிறு கயிறாக நிற்கிறது. முறுக்குக் குறைந்தால் இழைகள் தனித்தனியே அறும்; மிகுந்தால் கயிறு விறைத்துச் சுருண்டு, தடியின் வளைவோடு படியாது. கட்டுக்கு நடுத்தரமான முறுக்கே நல்லது. இரண்டு புரிக் கயிறு மெலிந்த தையலுக்கும், மூன்று புரிக் கயிறு சுமை தாங்கும் கட்டுக்கும் ஏற்றவை. புதிய தென்னைநார்க் கயிற்றை அப்படியே கட்டினால் முதல் நாளிலேயே நீண்டு தளர்ந்துவிடும் என்பதால், அதைக் கடல்நீரில் நனைத்து, மரத்தில் கட்டி இழுத்து, நீட்சியில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுத்துவிடுவது வழக்கம்.

பராமரிப்பில் கடல்நீர் நண்பன், மழைநீர் பகைவன். இது முதலில் புதிராகத் தோன்றலாம். உப்பு நுண்ணுயிர்களையும் பூஞ்சையையும் ஓரளவு தடுத்துவைக்கிறது. நன்னீரில் நனைந்து ஈரத்தோடு சுருட்டி வைக்கப்பட்ட தென்னைநார்க் கயிறு சில வாரங்களில் உளுத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கயிறுகளைக் கூரைக்கடியில் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டியிருந்தது இதனால்தான். மேனாட்டுக் கப்பல்களில் சணற்கயிற்றுக்குக் கீல் பூசி நீரிலிருந்து காத்தனர். தென்னைநார் கீலை நன்றாக ஏற்காது, ஏற்றாலும் தன் நெகிழ்வை இழந்துவிடும். இந்தக் கரையில் அதற்கு ஈடாக அமைந்தவை மீனெண்ணெயும் துவர்ப்புச் சாறும். பனிச்சங்காயின் பிசுபிசுத்த துவர்ச்சாறு படகின் பொருத்துகளை அடைக்கவும் சணல் வலைகளைப் பதப்படுத்தவும் பயன்பட்டது. பருத்திப் பாய்க்கு மரப்பட்டைச் சாயம் தோய்த்தனர். கட்டுமரப் பாய்களின் பழைய காவிநிறம் அழகுக்காக வந்ததன்று. தென்னைநாருக்கு இந்தத் துவர்ப்பு பெரும்பாலும் வேண்டியதில்லை. காயலில் ஊறியபோதே அது படவேண்டிய பாட்டைப் பட்டுவிட்டது.

பாய்மரத்துக்கு வரும்போது கணக்குச் சற்று மாறுகிறது. கட்டுமரத்தின் பாய் முக்கோண வடிவினது. பருமல் எனப்படும் சாய்ந்த கழியில் பாயின் ஒரு விளிம்பைக் கட்டி, சிறிய பாய்மரத்தில் ஏற்றுவர். பாயை மேலேற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையைப் பிடித்துக் காற்றுக்கு ஏற்ப இழுக்கவோ விடவோ செய்யும் கயிறு தாமான். ஆஞ்சான் நீண்டுகொடுத்தால் பருமல் தாழ்ந்து பாய் தொய்யும். ஆகவே அங்கே நெகிழ்வு ஒரு குறை. தாமான் எப்போதும் கையில் இருப்பது. சொரசொரத்த கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். பெரிய தோணிகளில் இவற்றுக்குச் சணல் கயிறும், பின்னாளில் பிலிப்பைன்சிலிருந்து வந்த மணிலா நார்க் கயிறும் விரும்பப்பட்டதன் காரணம் இதுவே. பாய்மரத்தின் அடியைக் கலத்தோடு பிணைக்கும் கட்டும், பருமலைப் பாய்மரத்தோடு சேர்க்கும் கட்டும், நங்கூரத்தைப் பிடிக்கும் ஆலாத்து என்னும் வடமும் வேறு வகை. திடீர்க் காற்று பாயில் அறையும்போது அந்த உதறலை முதலில் வாங்குபவை இவை. இங்கே விறைப்பான கயிறு இருந்தால் அது அறுகிறதோ இல்லையோ, மரம் முறிந்துவிடும். ஆங்கிலேயக் கப்பல்களும் வங்கக் கடலில் நங்கூரமிடத் தென்னைநார் வடத்தை நாடியது அதன் இழுபடும் தன்மைக்காகவும் நீரில் மிதக்கும் தன்மைக்காகவுமே. முறுக்கிய நார்க் கயிறு நனையும்போது புரிகள் பருத்து நீளம் குறுகும் என்பதையும் பாய்மரம் கையாள்பவர் மறக்க முடியாது. காய்ந்த கயிற்றை முழுவிசையோடு இறுக்கிவிட்டு, மழை பெய்யும்போது தளர்த்தாமல் விட்டால் கயிறே கழியை வளைத்துவிடும்.

கட்டின் மறுவடிவமான தையலைச் சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகில் காணலாம். ஏறத்தாழ 30 அடிக்கு மேல் நீளமும் ஆழமான வயிறும் கொண்ட இந்தப் படகுக்கு உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்கள் கிடையாது. பெரும்பாலும் மாமரப் பலகைகளின் விளிம்புகளில் துளையிட்டு, பொருத்தின் நெடுகிலும் வைக்கோலையோ நாரையோ திணிப்பாக வைத்து, அதன்மேல் தென்னைநார்க் கயிற்றால் குறுக்கும் மறுக்குமாகத் தைப்பர். துடுப்பும் அவ்வாறே: நீண்ட கழியின் முனையில் ஒரு பலகையைக் கட்டினால் துடுப்பு. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் இந்தப் படகுகள்தாம் அலையுடைப்பின் வழியே கரைசேர்த்தன. கவிழ்ந்தால் மீட்கக் கட்டுமரக்காரர்கள் உடன் வந்தனர். ஐரோப்பியக் கப்பல்களின் ஆணியடித்த படகு மணலில் மோதியவுடன் பலகை பிளந்துவிடும் இடத்தில், மசூலா வயிறு உள்வாங்கி வளைந்துகொடுத்து, மறுபடி நிமிர்ந்தது. அது எப்போதும் சிறிது கசியும். நீரை இறைத்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். கசிவைக் குறையாகக் கருதாமல் வாடகையாகக் கருதிய தொழில் அது. தையல் நைந்தால் அந்தப் பகுதியை மட்டும் அறுத்துவிட்டு மீண்டும் தைக்கலாம். பலகை அப்படியே இருக்கும். கயிறு செலவழியும் பொருள், மரம் சேமிக்கும் பொருள் என்னும் கணக்கு இதன் அடியில் இருந்தது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ் துறையில் தைத்த கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவற்றை இழிவாகவே மதிப்பிட்டு, பல கப்பல்கள் கடலில் மூழ்குவதாக எழுதினார். அவருக்கு இரும்பாணி இல்லாத கப்பல் முழுமையற்ற கப்பல். கடலுக்கடியில் காந்தப் பாறைகள் உண்டென்றும், அவை ஆணிகளை இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் கப்பல்கள் தைக்கப்படுகின்றன என்றும் ஒரு கதை நெடுங்காலம் உலவியது; 6-ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் அதை ஏற்க மறுத்திருந்தும் கதை சாகவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் செங்கடலில் பயணம் செய்த இப்னு ஜுபைர், தைத்த கலங்களுக்குச் சுறாவின் எண்ணெய் பூசப்படுவதைக் குறித்துவைத்தார். 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் வாழ்ந்த இப்னு பதூதாதான் சரியான விடையைச் சொன்னவர்: ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து தப்பும். மட்டையைக் கரையோரக் குழியில் ஊறவைத்து அடித்து, பெண்கள் நூலாகத் திரிப்பதையும், அந்தக் கயிறு இந்தியாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியாவதையும் அவரே எழுதினார்.

கயிறு அத்தனை பேருக்கும் வேண்டிய பொருளானபோது அது அரசியலுக்குள்ளும் புகுந்தது. லட்சத்தீவுகளை ஆண்ட கண்ணூர் அலி ராஜாக்கள் 18-ஆம் நூற்றாண்டில் கயிற்று வணிகத்தைத் தங்கள் தனியுரிமையாக்கி, தீவினர் தம் கயிற்றை அவர்களிடம் மட்டுமே கொடுத்து, அவர்கள் வகுத்த விகிதத்தில் அரிசி பெறவேண்டும் என்ற நிலையை உண்டாக்கினர். நெல் விளையாத தீவுகளில் அரிசியின் விலையைத் தீர்மானிப்பவரே கயிற்றின் விலையையும் தீர்மானிப்பவர். அந்த நூற்றாண்டின் இறுதியில் அமினித் தீவினர் கண்ணூரின் ஆட்சியை உதறித் திப்பு சுல்தானிடம் தஞ்சம் புகுந்ததற்கு இந்தத் தனியுரிமையின் கொடுமை முதன்மையான காரணம். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அந்தத் தீவுகள் கம்பெனியின் கைக்கு வந்தன. கயிறு தொடர்ந்து திரிக்கப்பட்டது.

மசூலாவின் மறைவு துறைமுகத்தோடு வந்தது. சென்னையில் 1860-களின் தொடக்கத்தில் கடலுக்குள் இரும்புப் பாலம் நீண்டது. 1870-களில் தொடங்கிய துறைமுகப் பணி 1881 நவம்பரின் புயலில் பெரும் சேதம் கண்டு, 1890-களில் நிறைவை எட்டியது. அலையுடைப்பைக் கடக்கவேண்டிய தேவை நீங்கியபோது தைத்த படகின் நெகிழ்வுக்கு வாடிக்கையாளர் இல்லாமற்போயினர். கட்டுமரம் அதன்பின்னும் பல பத்தாண்டுகள் நின்றது. அதை மாற்றியவை மரத்தின் விலையும் செயற்கை இழையும். நைலான், பாலிபுரொப்பிலீன் கயிறுகள் பரவியபோது, அவை மட்காதவை, மெலிந்தும் வலியவை என்பதே போதுமான பரிந்துரையாக இருந்தது. வைட்டின் பட்டியல் கடைசியில் வென்றது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பாலிபுரொப்பிலீன் வெயிலில் உள்ள புறஊதாக் கதிரால் நொறுங்கிப் பொடியாகும். வழவழப்பால் கட்டு நழுவும். உராய்வின் வெப்பத்தில் உருகவும் செய்யும். தென்னைநார் அறுவதற்கு முன் பல நாள் முகம் வாடிக் காட்டும். செயற்கைக் கயிறு பெரும்பாலும் அத்தகைய எச்சரிக்கை தருவதில்லை. 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் உருவான ஒட்டுப்பலகைப் படகுகள் ஒரு வேடிக்கையான இடைநிலை: அங்கே பலகைகளைக் கம்பியால் தைத்து நிறுத்தி, பொருத்துகளைப் பசையாலும் கண்ணாடியிழையாலும் மூடினர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த கண்ணாடியிழைப் படகுகள் கரையின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. அவற்றில் தைப்பதற்கும் கட்டுவதற்கும் அனேகமாக ஒன்றுமில்லை.

தையலைத் திரும்பக் கொண்டுவர முனைந்தவர்கள் முதலில் எதிர்கொண்டது தையற்காரரின் பற்றாக்குறையைவிடக் கயிற்றின் பற்றாக்குறை. 1980-இல் ஓமான் நாட்டின் சூர் துறையில் சோஹார் என்னும் தைத்த கப்பலைக் கட்டிய டிம் செவரின், மரத்தை மலபாரிலிருந்து வாங்கினார். ஆனால் சந்தையில் கிடைத்த இயந்திர நார்க் கயிறு தையலுக்கு உதவாது என்று கண்டு, கடல்நீரில் ஊறவைத்துக் கையால் அடித்துத் திரித்த கயிற்றைத் தேட வேண்டியிருந்தது. கயிறும் தைக்கும் கைகளும் லட்சத்தீவுகளிலிருந்து சென்றன. அந்தக் கப்பல் 1981-இல் சீனத்தின் குவாங்சோ துறையை அடைந்தது. அண்மையில் அஜந்தா ஓவியமொன்றை அடிப்படையாகக் கொண்டு கோவாவில் கட்டப்பட்டு, 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட கௌண்டின்யா கப்பலின் பலகைகளையும் கேரளக் கைவினைஞர்கள் தென்னைநார்க் கயிற்றால் தைத்து, பொருத்துகளில் நாரையும் பிசினையும் வைத்து அடைத்தனர். அதன் மாதிரியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறை நீர்த்தொட்டியில் இட்டுச் சோதித்தது. நெகிழும் உடலைக் கொண்ட கலத்தில் அளக்கவேண்டியது, கட்டுமரக்காரர் ஒவ்வொரு விடியலிலும் விரல்களால் அளந்த அதே நீட்சியைத்தான்.